சீட்டு திரும்பக் கிடைக்காது

கிர்கிஸ் கிராமமான கைந்தி-புலாக்கில் இரண்டு மருமகள்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகள் பதினேழு. அவற்றுள் ஓரகத்திச் சண்டை வேலிக்கு வெளியே கேட்காத வீடு மாமியார் துர்துகானுடையது மட்டுமே என்பதை அவளுக்கு ஆகாதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஓஷ் நகரச் சந்தையில் தலைத்துணி எடுத்தால் ஒரே சுருளிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு எடுப்பாள். ஆடு அறுத்த நாளில் மூத்தவள் பெரிசாத்தின் தட்டில் இரண்டு விலா எலும்பு விழுந்தால் இளையவள் ஐசுலுவின் தட்டிலும் இரண்டு விழும். மகன்கள் இருவரும் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்ட வீட்டில் வஞ்சனை என்ற பேச்சு ஒருமுறை நுழைந்தால் பிறகு அதை வெளியே தள்ள ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் மகன்கள் இரண்டு மாத விடுப்பில் வந்து போனார்கள். வசந்தம் பிறந்ததும் இரண்டு மருமகள்களும் ஒரே வாரத்தில் அடுப்பிலிருந்து எழும் ஆட்டு வால்கொழுப்பு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். துர்துகான் மகிழ்ந்தாள், உடனே பயந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் பெரிசாத் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளையைச் சுற்றிய துணிப்பொட்டலத்தின் எடை துர்துகானின் கைகளில் இன்னும் இருந்தது.

ஊரின் சுகாதார நிலையத்தில் இருந்த செவிலி சைரகுல், இருவருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளைச் சாம்பல் நிறக் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. துர்துகானுக்கு அதுவே உறுத்தியது. முந்தைய முறையும் காசில்லாத மாத்திரையைத்தான் வாங்கினார்கள், என்ன ஆயிற்று? இந்த முறை இருவரையும் வேனில் ஏற்றி, மூன்றரை மணி நேரம் குலுங்கி, ஓஷில் அரசு மகப்பேறு இல்லத்துக்கு எதிரே இருந்த மூன்று மாடித் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

மருத்துவர் நூர்ஜமால் ஒஸ்மோனோவ்னாவின் அறையில் பூச்சாடியும் குளிர்காற்றும் இருந்தன.

"ரெண்டு பேருமா? ஒரே வீடா? உங்க வீட்டுல நல்ல விளைச்சல்தான், அபா!" என்றாள் மருத்துவர். வயதில் மூத்த பெண்களை எல்லாரும் அழைக்கும் அந்த 'அபா'வை ஒரு டாக்டர் வாயால் கேட்டதும் துர்துகானின் முதுகு தளர்ந்தது.

"மூத்தவளுக்கு ஒண்ணு கலைஞ்சு போச்சு, டாக்டர். அதான் மடியில நெருப்பக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இது எங்க ஊரு நர்சு குடுத்தது. போடலாமா?"

மருத்துவர் சாம்பல் பொட்டலத்தைத் தொடாமலே பார்த்தாள்.

"சும்மா குடுத்ததுதானே? சும்மா குடுக்குறதுல என்ன இருக்கும்? வயித்தப் புரட்டும், மலம் கறுப்பாப் போகும். ஒரு பிள்ளைய இழந்த பொண்ணுக்கு இதக் குடுக்க எனக்கு மனசு வராது. ஐரோப்பாவுல செஞ்சது ஒண்ணு எழுதித் தரேன். கீழ நம்ம கடையில மட்டும் வாங்குங்க. வெளியில எல்லாம் போலி."

மேலே ரோஜா நிறப் பெட்டியின் படம் அச்சிட்ட சின்னத் தாளில் அவள் எழுதினாள். ஆளுக்கு ஒரு சீட்டு. மூலையில் இரண்டு எழுத்துகளைச் சுழித்தாள். ருஷ்யனில் ஏதோ விரைவாகச் சொன்னாள். கிராமத்துப் பள்ளியில் கிர்கிஸ் மொழியில் படித்த மருமகள்கள் இருவரும் தலையாட்டினார்கள். மாமியார் எதிரில் ஒரு மருமகள் டாக்டரைக் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பதாவது! அடுத்த கர்ப்பிணி கதவைத் திறந்துவிட்டாள். எல்லாம் நான்கு நிமிடங்கள்.

கீழே மருந்துக்கடைப் பெண் விலையைச் சொன்னபோது துர்துகான் இரண்டாம் முறை கேட்டாள். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு ஓர் ஆடு போகும். கோடைக்குள் தொழுவம் காலி.

"ஒரு பெட்டி வாங்கிப் பிரிச்சுக்கலாமாம்மா?"

"பிரிச்சுக்கலாம், அபா. உள்ள ரெண்டு பாட்டில் இருக்கு. கிராமத்துலேருந்து வர்றவங்க அப்படித்தான் வாங்குறாங்க." கணினித் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே அவள் இரு சீட்டுகளையும் வாங்கி, மேசைமீதிருந்த இரும்பு முள்ளில் குத்தினாள். விற்றது ஒரு பெட்டி. முள்ளில் ஏறியவை இரண்டு சீட்டுகள்.

"சீட்டக் குடும்மா. ஊருல நர்சுகிட்ட காட்டணும்."

"சீட்டு திரும்பக் கிடைக்காது. கடையிலதான் இருக்கும்."

"அதுல எப்படிச் சாப்பிடணும்னு எழுதியிருக்குமே?"

"தினம் ஒண்ணு, ஒரு நாள்கூட விடக்கூடாது. அடுத்தவங்க வாங்க!"

வீட்டில் விரிப்பின்மீது பெட்டியைத் திறந்தார்கள். பருத்தி அடைத்த இரு குப்பிகள். ஒன்றுக்கு ரோஜா நிற மூடி, ஒன்றுக்கு வெள்ளை. ஒவ்வொன்றிலும் முப்பது மாத்திரைகள் இருந்ததைத் துர்துகான் கொட்டி எண்ணினாள். இரண்டு மருமகள்கள், இரண்டு குப்பிகள், மாதத்துக்கு முப்பது நாட்கள். தன் வீட்டை மனத்தில் வைத்தே இதைச் செய்தார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கணக்கு ஒத்துப்போயிற்று. நிறம் வேறாக இருப்பது கலந்துவிடாமல் இருக்கத்தான் என்று அவள் முடிவு செய்தாள். பெட்டிக்குள் மடித்திருந்த தாளில் எறும்பு ஊர்ந்தாற்போல ஆறு மொழிகள் இருந்தன. அவற்றில் கிர்கிஸ் இல்லை.

"எனக்கு ரோஸு!" என்றாள் ஐசுலு.

"எடுத்துக்கோ. நீ சாப்பிட்டா மாத்திரையும் அழகாயிடும்," என்றாள் பெரிசாத் சிரித்து, வெள்ளைக் குப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூத்தவளின் பெருந்தன்மை துர்துகானுக்குப் பிடித்திருந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் அவரவர் நிறம் அவரவருக்கு என்றே ஆயிற்று.

சைரகுல் மாதாமாதம் கொடுத்த பொட்டலங்கள் அலமாரியில் தூங்கின. வழியில் பார்த்துச் சைரகுல் கேட்டபோதெல்லாம் "சாப்பிடுறாங்க, சாப்பிடுறாங்க" என்று துர்துகான் சொல்லிவைத்தாள். ஒவ்வொரு மாதமும் ஓஷுக்குத் தனியாகப் போய், மருத்துவருக்குப் பார்வைக் கட்டணம் கட்டி, புதுச் சீட்டுகளை வாங்கி, அவற்றை முள்ளுக்குக் கொடுத்து, பெட்டியோடு திரும்பினாள். சீட்டில்லாமல் பெட்டி தரமாட்டார்கள். கட்டணம் இல்லாமல் சீட்டு தரமாட்டார்கள். சீட்டின் மற்றொரு பெயர் அக்கறை என்றே அவள் எண்ணியிருந்தாள்.

ஆகஸ்டில் பெரிசாத் கிணற்றடியிலிருந்து ஒரு வாளி நீரைத் தூக்கி வர நான்கு இடங்களில் நின்றாள். அவளுடைய உதடுகள் ரொட்டி மாவின் நிறத்துக்கு வந்திருந்தன. ஐசுலுவோ கன்னம் சிவந்து நடமாடினாள். ஆனால் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறினாள். இருவரையும் அருகருகே பார்த்த ஊருக்கு அலறல் கேட்கவில்லை, கன்னம் மட்டும் தெரிந்தது. ஒரு பெயர்சூட்டு விருந்தில், துர்துகான் கை கழுவப் போன இடைவெளியில், யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது:

"ஒருத்திக்குக் கறி, ஒருத்திக்குத் தண்ணி. பிள்ளைய இழந்தவதானே, அவமேல எதுக்குச் செலவு பண்ணணும்னு நெனச்சிருப்பா."

அவள் திரும்பிப் போய்த் தட்டை எடுக்கவே இல்லை.

அதே வாரத்தில், மாதக்கணக்காக இல்லாமல் கிடந்த ரத்தம் பார்க்கும் பட்டைகள் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. சைரகுல் இருவரின் விரலையும் குத்தினாள். ஐசுலுவுக்கு நூற்றுப் பன்னிரண்டு, இருக்க வேண்டிய அளவு. பெரிசாத்துக்கு எழுபத்து நான்கு. சைரகுல் வேறொரு விரலைக் குத்தினாள். எழுபத்து நான்கு.

"இந்த ரத்தத்தோட பிரசவத்துக்குப் படுத்தா, கொஞ்சம் அதிகமாப் போனாலே போதும், எழுந்திரிக்க மாட்டா," என்றாள் துர்துகானிடம். குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை. "உண்மையச் சொல்லுங்க, அபா. வீட்டுல சாப்பாடு எப்படி?"

மறுநாள் காலை பெரிசாத்தின் தாய் கலிபா வாடகைக் காரோடு வாசலில் வந்து இறங்கினாள். எழுபத்து நான்கு என்ற எண் அவளுக்கு எட்டிவிட்டிருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்க நேரமில்லை. பின்னாலேயே சைரகுலும் வந்தாள், சண்டையைத் தடுக்கவோ சாட்சி சொல்லவோ.

"எம் பொண்ண கூட்டிட்டுப் போறேன், சம்பந்தி. உயிரோட குடுத்தேன், உயிரோட குடுங்க."

"உக்காருங்க. ஒரு வாய் டீ."

"உங்க வீட்டு டீயக் குடிச்சுத்தான் அவ வெளுத்துப் போனா! ரெண்டு பொண்ணு, ஒரே அடுப்பு. ஒருத்தி ரோசாப்பூ, ஒருத்தி பொணம். இது எப்படி, சொல்லுங்க?"

"கலிபா, என்னை என்ன வேணா சொல்லுங்க. ஓரவஞ்சன மட்டும் சொல்லாதீங்க. நாக்கு அழுகிப் போகும்."

"யாருக்கு அழுகும்னு பாத்துடலாம்!"

துர்துகான் வாழ்நாள் முழுவதும் தன்னைக் காத்துவந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். "ஐசுலு, பெரிசாத், உங்க உங்க மாத்திரையக் கொண்டு வாங்க. ஓஷுலேருந்து வாங்குற மாத்திரை, சம்பந்தி, ஆடு வித்து வாங்குறது. ஒருத்திக்கு ஒண்ணு கூட இருந்தா எம் மூஞ்சியில துப்புங்க."

விரிப்பின்மீது இரண்டு குப்பிகளையும் தன் கையாலேயே கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினாள். இங்கே பதினொன்று, அங்கேயும் பதினொன்று. தலை நிமிர்ந்து கலிபாவைப் பார்த்தாள்.

சைரகுல் மண்டியிட்டாள். ரோஜா நிறக் குவியலையும் வெள்ளைக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். குப்பிகளில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணருகே கொண்டுபோய் ருஷ்ய எழுத்துகளை உதடசைத்துப் படித்தாள்.

"பெரிசாத், நீ இந்த வெள்ள மட்டுமா சாப்பிட்ட?"

"ஆமா, எஜே. அபா குடுத்தாங்க. அஞ்சு மாசமா." அக்கா முறையுள்ள பெண்களுக்கு 'எஜே'தான் மரியாதை.

"ஐசுலு, நீ ரோஸு மட்டும்?"

"ஆமா... ஏன் எஜே?"

சைரகுல் இரு குப்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள். "இது ரெண்டு பேருக்கு இல்ல. ஒருத்திக்கு. ரோஸுல இரும்புச்சத்து, காலையில போடணும். வெள்ளையில சுண்ணாம்புச்சத்து, ராத்திரி போடணும். ரெண்டையும் ஒரே நேரத்துல போடக்கூடாதுன்னுதான் தனித்தனிப் பாட்டில்." அவள் துர்துகானைப் பார்த்தாள், இம்முறை கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. "ஒருத்திக்கு ரத்தத்தையும் ஒருத்திக்கு எலும்பையும் பிரிச்சுக் குடுத்திருக்கீங்க, அபா. சரி பாதியா."

துர்துகான் மாத்திரைகளைப் பழையபடி குப்பிகளில் அள்ளிப் போட்டாள்.

"அப்ப நீ குடுத்தது?" என்றாள் துர்துகான், மிக மெல்ல. "அந்தச் சாம்பல் பொட்டலம்?"

"அதுல இருந்தது இந்த ரோஸப்போல மூணு மடங்கு. நீங்க சாப்பிடுறாங்கன்னு சொன்னீங்களே?"

துர்துகான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பொட்டலங்களை எடுத்து வந்து சைரகுலின் மடியில் வைத்தாள். கட்டு அவிழாமல் ஐந்து. கலிபா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப போட்டா ஏறுமா?"

"நேரமில்ல, அபா. ஊசி வழியா ஏத்தணும். இன்னைக்கே ஓஷ்."

கலிபா கொண்டுவந்த காரே பெரிசாத்தை அரசு மகப்பேறு இல்லத்துக்கு ஏற்றிச் சென்றது. பின்னிருக்கையில் இரு தாய்களுக்கு நடுவே பெரிசாத் சாய்ந்திருந்தாள். வழி முழுவதும் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எஞ்சியிருந்த மூச்சு அவளுக்கே தேவைப்பட்டது. மூன்றாம் மாடியில் படுக்கை கிடைத்தது. இரும்புச்சத்தின் கரும்பழுப்புத் திரவம் குழாய் வழியே இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் துர்துகான் படியிறங்கினாள். சாலையைக் கடந்தால் எதிரே அந்த மூன்று மாடிக் கட்டடம். இத்தனை அருகிலா இருந்தது என்று ஒரு கணம் நின்றாள்.

மருந்துக்கடைப் பெண் அவளை அடையாளம் கண்டு புன்னகைத்தாள். "ஒரு பெட்டிதானே, அபா?"

"பெட்டி வேணாம். எஞ் சீட்டு வேணும். ஏப்ரல்லேருந்து அஞ்சு மாசச் சீட்டு. மருமக பேரு பெரிசாத்."

"அதெல்லாம் இருக்காது. மாசக் கடைசி வெள்ளிக்கிழம வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரரு."

"எதுக்கு?"

பெண்ணுக்குத் தான் பேசியது அதிகம் என்று புரிந்துவிட்டது. "கணக்குக்குத்தான்," என்று முணுமுணுத்தாள்.

"எம் மருமக எந்த மாத்திரைய எப்ப சாப்பிடணும்னு எழுதுன தாளு கம்பெனிக்காரனுக்கு எதுக்கும்மா? அவன் என்ன மாசமா இருக்கானா?"

வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள். துர்துகான் சிரிக்கவில்லை. மூலையில் சுழித்த அந்த இரண்டு எழுத்துகள் அவள் கண்முன் வந்தன. எந்த டாக்டர் அனுப்பிய சீட்டு என்று கம்பெனிக்குத் தெரியவே அந்தச் சுழிப்பு. எத்தனை அனுப்பினாள் என்று எண்ணி, சீட்டுக்கு இவ்வளவு என்று அவளுக்குக் காசு கொடுக்கவே அந்த முள். பெரிசாத் எப்படி உயிரோடு இருக்க வேண்டும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட அன்றே அது பெரிசாத்திடமிருந்து பிடுங்கப்பட்டது. படிக்க வேண்டியவளின் கைக்கு வராமல், எண்ண வேண்டியவனின் கைக்குப் போயிற்று. ஒருவரும் பொய் எழுதவில்லை. இதைவிடச் சுத்தமான திருட்டை அவள் கண்டதில்லை.

மாடியில், வரிசையை மீறிக் கதவைத் திறந்தாள். ஒரு கர்ப்பிணி நாற்காலியில் இருந்தாள். கையில் புதுச் சீட்டு.

"அபா, வெளியில உக்காருங்க, கூப்பிடுறேன்," என்றாள் நூர்ஜமால் ஒஸ்மோனோவ்னா.

"உக்கார வரல. எழுபத்து நாலு. எம் மூத்த மருமக ரத்தம். எதிர்க் கட்டடத்துல படுத்திருக்கா."

மருத்துவர் கேட்டாள், துர்துகான் சொன்னாள். குப்பிகளை, எண்ணிக்கையை, அலமாரியை, தன் பொய்யை, எதையும் விடாமல் சொன்னாள். மருத்துவரின் முகம் முதலில் வெளிறியது உண்மை. பிறகு அது ஒழுங்குக்கு வந்தது.

"ஒரு பெட்டிய ரெண்டு பேருக்குப் பிரிக்கச் சொன்னது யாரு? நான் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதுனேன். காலையில ரோஸ், ராத்திரி வெள்ள, தெளிவா எழுதித்தான் குடுத்தேன்."

"எழுதுனீங்க. நான் படிக்கவா எழுதுனீங்க?"

"படிச்சுப் பாக்காதது என் தப்பா?"

"சீட்டு இந்தக் கட்டடத்த விட்டு வெளிய வரவே இல்ல, டாக்டர். மேல உங்க கையிலேருந்து கீழ அந்த முள்ளு வரைக்கும் என் கையில இருந்துச்சு. ரெண்டு மாடிப் படி. அதுக்குள்ள நான் ருஷ்யன் படிச்சு முடிச்சிருக்கணுமா?"

"கத்தாதீங்க. இங்க கர்ப்பிணிகள் இருக்காங்க."

"இருக்காங்க, தெரியுது. ஒவ்வொரு மாசமும் வந்தேன். காசு வாங்கிட்டுச் சீட்டு குடுத்தீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'அந்தப் பொண்ணு எப்படி இருக்கா, கூட்டிட்டு வா, விரலக் குத்திப் பாக்கலாம்'னு கேட்டீங்களா? ரத்தம் பாத்தா உங்களுக்குச் சீட்டுக் காசு கிடைக்காது. அதானே?"

"உங்க நர்சு பாத்திருக்கணும்."

"பாத்தா! அவதான் பாத்தா! நீங்க குப்பைன்னு சொன்ன மாத்திரையில மூணு மடங்கு இருந்துச்சாம். அது உங்களுக்குத் தெரியாதா?"

மருத்துவர் தொலைபேசியை எடுத்துக் காவலாளியைக் கூப்பிட்டாள். அதிலேயே துர்துகானுக்கு விடை கிடைத்தது. தெரியும். தெரிந்தேதான் சாம்பல் பொட்டலத்தைத் தொடாமல் பார்த்தாள்.

"தப்புல என் பங்க நான் மறைக்கல," என்றாள் துர்துகான். "ஆனா உங்க பங்க என் தலையில கட்டாதீங்க. நான் சுமக்க மாட்டேன்."

காவலாளி கையைத் தொடுமுன் அவளே வெளியேறினாள்.

அரசு மகப்பேறு இல்லத்தில் பார்வையாளர்கள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். பகலில் கலிபா இருந்தாள். துர்துகானுக்கு ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. எதிர்க் கட்டடத்தின் வாசல்படிக்குப் பக்கத்தில், சாலையோரப் பாப்ளர் மரத்தடியில் ஒரு பலகையில் உட்காரத் தொடங்கினாள். அது நகராட்சியின் பலகை. காவலாளி இரண்டு முறை வந்து, "அபா, வீட்டுக்குப் போங்க," என்றான். மூன்றாம் முறை, "டாக்டரம்மா கேட்டா, நான் விரட்டுனேன்னு சொல்லுங்க," என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான். அவனுடைய மனைவியும் கர்ப்பமாக இருந்தாள்.

ரோஜா நிறப் பெட்டியோடு படியிறங்கிய ஒவ்வொரு பெண்ணையும் அவள் கூப்பிட்டாள். "ஒரு பெட்டியா, ரெண்டா? வீட்டுல எத்தன பேரு சாப்பிடப் போறீங்க?" முதல் நாளில் ஏழு பேர். அவர்களில் மூவர் பெட்டியைப் பிரித்துக்கொள்ளப் போகிறவர்கள். ஒருத்தி தன் நாத்தனாரோடு. ஒருத்தி அடுத்த வீட்டுக்காரியோடு. ஒருத்தி, கடவுளே, வெள்ளையை மாமனாரின் முட்டிவலிக்கு. பிரித்தவர்கள் கைந்தி-புலாக்கில் மட்டும் இல்லை. தான் ஒருத்திதான் மூடத்தனமாகப் பங்கிட்டோம் என்று இரண்டு இரவுகளாகக் கூசிக்கிடந்த மனம், அன்று மாலை வேறு விதமாக எரிந்தது. இத்தனை பேரும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால், விற்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா?

முதல் வாரம் பெரிசாத்தின் ரத்த அளவு எண்பதைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் எண்பத்தேழு. வெள்ளை முடியுள்ள அரசு மருத்துவர் தாளைப் பார்த்து, "இனி ஏறும். பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ரத்தம் குடுக்க ஆள் தேட வேண்டி வராதுன்னு நெனைக்கிறேன்," என்றார். கலிபா துர்துகானின் தோளில் நெற்றியை வைத்தாள். குழந்தை பிறந்த பின் மகளைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாகவும் சொன்னாள். துர்துகான் மறுக்கவில்லை.

அன்றைக்கும் அவள் பலகைக்கு வந்தாள். அலாய் மலைப்பக்கத்துத் தலைத்துணி கட்டிய இளம்பெண் ஒருத்தி, ஆறு மாத வயிற்றோடு, பெட்டியை மார்போடு அணைத்து இறங்கினாள். துர்துகான் வழக்கம்போல் ஆரம்பித்தாள். அலமாரியைப் பற்றிச் சொன்னாள், உங்கள் ஊர் நர்சு சும்மா கொடுப்பதைக் குப்பை என்று நினைக்காதே என்றாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"நீங்க எந்தக் கம்பெனி, அபா?"

"என்ன?"

"இதத் திட்டுறீங்கன்னா வேற ஒண்ணு விக்குறீங்கன்னு அர்த்தம். உங்களுக்கு யாரு காசு குடுக்குறாங்க?"

"யாரும் குடுக்கல."

"அப்ப நான் ஏன் உங்கள நம்பணும்? காசு வாங்குற டாக்டரே ஒழுங்காச் சொல்லலன்னு சொல்றீங்க. காசு வாங்காதவங்க வெயில்ல உக்காந்து எதுக்குச் சொல்வாங்க?"

ஊர் விருந்தில் காதில் விழுந்த சொல்லைவிட இது ஆழமாக இறங்கியது. இந்தப் பெண்ணின்மீது கோபப்பட முடியவில்லை. மருந்தைப் போலவே நம்பிக்கையையும் சீட்டெழுதி விற்றுவிட்டவர்கள்மீதுதான் கோபம் வந்தது. துர்துகான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"வா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூணாவது மாடி. என்னை நம்ப வேணாம்."

பார்வையாளர் ஒருவர்தான் என்ற விதியைக் கலிபா தாழ்வாரத்துக்கு எழுந்து வந்து தீர்த்துவைத்தாள். துர்துகான் வாசலோடு நின்றுகொண்டு, மலைப்பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பினாள். பெரிசாத் தலையணையில் நிமிர்ந்தாள். மாமியார் கேட்கும் தூரத்தில் அவள் இதுவரை குரலுயர்த்திப் பேசியதே இல்லை. வாசலை ஒருமுறை பார்த்தாள், பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு வெள்ள பாட்டில் மட்டும் குடுத்தாங்க. எங்க அபாதான் குடுத்தாங்க," என்றாள், தாழ்வாரம் முழுவதும் கேட்கும்படி. "அவங்களுக்குப் படிக்கத் தெரியல. எனக்கும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லல. என் பிள்ள ரெண்டு வாரம் துடிப்பே கொறஞ்சு கெடந்துச்சு. உன் பெட்டியத் தொற. கெலின்னா, வீட்டு மருமகள்னா, வாய மூடணும்னு உனக்கும் சொல்லியிருப்பாங்க. இப்ப வாயத் தொறந்து கேளு, எது காலையில, எது ராத்திரி?"

மலைப்பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் கீறினாள். இரண்டு குப்பிகளையும் போர்வைமீது வைத்தாள். பிறகு, கேட்கலாமா என்று தயங்கி, பெரிசாத்திடம் கேட்டாள்: "எது காலையில, எஜே?"